செவ்வாயும் வியாழனும் திருத்த நாள்

நல்லாங்குளம் கல்லூரிக்கு இறந்துபோனவர்கள் வரத் தொடங்கியது மாசி மாதத்தில், குழாயில் தண்ணீர் வராத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது என்பதால், போன வருஷம் மண்ணுக்குள் போன சம்சாரி மூக்கையா கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுக்கொண்டு பஜார் வழியாக நடந்து போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் ஆள் ஏதோ விசேஷத்துக்குப் போகிறார் என்று வழிவிட்டு, குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

கல்லூரி வாசலில் காவலர் அய்யனார், பெயரும் காரியமும் எழுதி வாங்காமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடாதவர், மூக்கையாவை நிறுத்தினார். ஓடைக்கு இக்கரையில் மூக்கையாவின் புஞ்சைக் காடு, அக்கரையில் அய்யனாரின் காடு. மூக்கையாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அய்யனாரும் ஒருவர்.

"என்ன மாமா, இங்கிட்டு?"

"போஸ்டர் படிக்கிற பிள்ளையப் பாக்கணும்."

"என்ன விஷயமா?"

"திருத்தம்," என்றார் மூக்கையா.

அய்யனார் அதை அப்படியே எழுதிக்கொண்டு, "மாடிக்குப் போங்க. படியில கைப்பிடி ஆடுது, பாத்து" என்று அனுப்பிவைத்தார்.

போஸ்டர் படிக்கிற பிள்ளை என்றது மாரீஸ்வரியை. தமிழ்த்துறையில் முதுகலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணிம மானுடவியல் என்று அந்த வருஷம் புதிதாக ஒரு தாள் வந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கம்ப்யூட்டர் தமிழ் என்றார்கள். பழைய ஏட்டைப் படித்து எழுதுவதற்குப் பதிலாக, ஊரில் கிடக்கும் ஏதாவது ஒன்றைச் சேர்த்து, படம் பிடித்து, கணினியில் ஏற்றி, வரைபடத்தில் புள்ளி வைத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும், அதுதான் ஆய்வு. அவளோடு படித்த ஷகிலா பானு மினி பஸ்களின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைப் பிடித்துக்கொண்டாள். மாரீஸ்வரி சாவுப் போஸ்டர்களைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு ஆள் செத்தால், பந்தல்காரனுக்குச் சொல்வதற்கு முன்பே அச்சகத்துக்கு ஆள் போய்விடும். மாலைக்குள் ஊர்ச் சுவரெல்லாம் செத்தவரின் முகம் ஒட்டியிருக்கும். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு, அதற்கும் கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள், மூத்த மருமகனை இளையவனுக்குக் கீழே போட்டுவிட்டால் காரியத்தன்று கை கலக்கிற அளவுக்கு முக்கியமான வரிசையில். மாரீஸ்வரி ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் சுவராகப் போய் அவற்றைப் படம் பிடித்தாள். வீடு வீடாகப் போய் விசாரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்பு எழுதினாள். எல்லாவற்றையும் ஆய்வுக்கென்று பல்கலைக்கழகம் கொடுத்திருந்த இணையதளத்தில் ஏற்றினாள். திங்கட்கிழமை சாயங்காலம் தளம் எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிடப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கையா வந்து நின்றார்.

"நீதான் பிள்ளையா? இந்தக் கோட்டை எடு தாயி."

அச்சகத்தில் கோட்டு சூட்டு போட்ட உடம்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். நல்ல போட்டோ இல்லாத ஆண்களுக்கெல்லாம் தலையை வெட்டி அந்த உடம்பில் ஒட்டுவது அங்கே வழக்கம். செத்தவர்கள் தளத்தில் ஏறிய போஸ்டரில் எப்படி இருந்தார்களோ அப்படித்தான் வந்தார்கள்.

"சுவத்துல இருந்தவரைக்கும் பொறுத்துக்கிட்டேன்," என்றார் மூக்கையா. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "மழை பேஞ்சா போயிரும், மாடு தின்னா போயிரும். நீ ஏத்துனது அழியாதாம்ல. காலத்துக்கும் நான் இதுக்குள்ள கெடந்து வேகணுமா?"

மாரீஸ்வரி பயப்படவில்லை. அவளுக்கு அப்போது தோன்றியதெல்லாம், தகவல் தவறென்று ஒருவர் சொல்கிறார், சொல்கிறவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்பதுதான். படத்தைக் கழுத்தோடு வெட்டி, உடை அச்சகத்தின் சேர்க்கை என்று கீழே குறித்தாள். மூக்கையா திரையை உற்றுப் பார்த்தார். வாசலைத் தாண்டும்போது அவர் தோளில் துண்டுதான் இருந்தது என்று அய்யனார் பிறகு சொன்னார்.

அதன்பின் வரிசையாக வந்தார்கள். வயதைக் குறைக்கச் சொல்லி ஒருவர், பட்டப்பெயரை எடுக்கச் சொல்லி ஒருவர், வட்டப் பிரதிநிதி என்பதை ஒன்றியச் செயலாளர் என்று மாற்றச் சொல்லி, மாற்ற முடியாது என்றதும் ஜன்னலோரம் நின்று தானாகவே ஒரு கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போன ஒருவர். பலசரக்குக் கடை தங்கப்புஷ்பம் வந்தபோது அவளுடைய சேலை இடது தோளில் மட்டும் அமுங்கியிருந்தது, யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி, ஆனால் கையைக் காணோம். அவளுடைய போட்டோ ஏதோ கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. தோளில் கிடந்த அந்நியக் கையை மாரீஸ்வரிதான் அசிங்கமாக இருக்கிறதே என்று கணினியில் அழித்திருந்தாள்.

"அந்தக் கை எங்க?"

"யாரு கை பெரியம்மா அது?"

"அது உனக்கென்னத்துக்கு? இருந்துச்சு. இருந்ததை வை."

வைத்தாள். தங்கப்புஷ்பம் தோளில் அந்தக் கையோடு படியிறங்கிப் போனாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக ஒரு பேருந்து விட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. முதல் வாரம் கூட்டம். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் மாலையோடு வந்தார்கள். ஆனால் செத்தவர்கள் தங்கள் திருத்தத்தைத் தவிர வேறு ஒரு பேச்சும் பேசுவதில்லை என்பது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோனது. டீக்கடை சங்கிலியின் பெண்டாட்டி கல்லூரி வராந்தாவில் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "என்னைய ஒருநாளாச்சும் நினைச்சீகளா?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி மாப்ள பேரை முத வரியில போட்டிருக்காக," என்றார் சங்கிலி. "அதைக் கீழ எறக்கச் சொல்லு."

"உங்களத்தான கேக்கேன்."

"கீழ எறக்குனா போதும். எடுக்க வேண்டாம்."

அவள் எழுந்து, முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செத்தும் திருந்தாத மனுசன் என்று தெருவெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வருவது நின்றுபோனது. யாராவது, "உங்க ஐயா இப்பத்தான் கல்லூரிப் பக்கம் போனாரு" என்றால், "போகட்டும், போகட்டும், மத்தியானம் வெயிலுக்குள்ள திரும்பிட்டாச் சரி" என்று உலையைக் கவனித்தார்கள்.

கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டார்: செவ்வாயும் வியாழனும் மட்டும் திருத்த நாள், டோக்கன் வாங்கிக்கொண்டு வராந்தாவில் அமைதியாக நிற்க வேண்டும். தரமதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிய அறிக்கையில் சமூகத் தொடர்பு என்ற தலைப்பில் இதையும் ஒரு பத்தி சேர்த்தார். கேண்டீன்காரர் செத்தவர்களுக்கும் டீ கொடுத்தார். அவர்கள் குடிப்பதில்லை, ஆனால் கிளாஸின் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆசைப்பட்டார்கள். அச்சகக்காரர் போஸ்டரின் அடியில், பிழைகளுக்கு அச்சகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் சேர்த்தார். உயிரோடு இருக்கிற பெரியவர்கள் பலர் மெதுவாக அச்சகத்துக்குப் போய், தங்கள் போஸ்டரை இப்போதே அடித்துக் காட்டும்படி கேட்டு, கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்து, கோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

எல்லாருக்கும் பழகிப்போனது. மாரீஸ்வரிக்குத்தான் பொறுக்க முடியாமல் போனது.

ஏனென்றால் ஆய்வு நகரவில்லை. காலையில் வயதுகளைக் கூட்டிச் சராசரி போட்டால் மதியம் நான்கு பேர் வந்து வயதை மாற்றினார்கள். எந்தத் தெருவில் பெண்களுக்குப் போஸ்டர் குறைவு என்று ஒரு அட்டவணை போட்டால், அடுத்த வியாழனில் சிலர் வந்து தெருவை மாற்ற, அட்டவணை வேறாக இருந்தது. வழிகாட்டியான எஸ்தர் மேடம் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் மேலே பல்கலைக்கழகம் இருந்தது.

"தரவு நிலைச்சு நிக்கணும் மாரி. ஆத்துத் தண்ணியை அளந்து எழுதிட்டு வந்தா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"நானா மேடம் மாத்துறேன்? அவங்க வர்றாங்க."

"சித்திரைக் கடைசியில சமர்ப்பிக்கணும். சமர்ப்பிச்ச நிமிஷம் தளத்தைப் பூட்டிருவாங்க. அப்புறம் யாரும் எதையும் தொட முடியாது, அவங்களும் வர மாட்டாங்க. உனக்கும் நிம்மதி."

அந்த நிம்மதிதான் அவளுக்கு வேண்டாததாக இருந்தது. ஊரில் எல்லார் வீட்டுச் சாவும் வந்துபோனது. அவள் அம்மா வரவில்லை. வர வழியுமில்லை. அம்மா சீனியம்மாள் செத்தபோது மாரீஸ்வரி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அன்றைக்கு அச்சகத்துக்கு ஆள் போகவில்லை. "பொம்பளைக்கு எதுக்குப் போஸ்டரு, நல்ல போட்டோவும் இல்ல" என்று அப்பா குருசாமி சொன்னார், சித்தப்பாமார்களும் அதுதானே என்றார்கள், பாடையோடு எல்லாம் முடிந்தது. சாவுப் போஸ்டரை ஏன் தலைப்பாக எடுத்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது சமூக வரலாறு என்று அவள் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் சுவர் சுவராகப் போன அந்த மழைக்காலத்தில், எங்காவது ஒரு சந்தில், யாரோ அவளுக்குத் தெரியாமல் ஒட்டிய ஒரு போஸ்டரில் அம்மாவின் முகம் இருந்துவிடாதா என்று அவள் தேடியதும் பொய்யில்லை.

அம்மாவிடம் கேட்க அவளுக்கு நிறைய இருந்தது. தளம் பூட்டப்படுவதற்குள் அம்மா ஒரு தடவை வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் கிடையாது.

போஸ்டர் இல்லாவிட்டால் என்ன, இப்போது அடித்தால் ஆயிற்று. சுவரில் ஒட்டி, சுவரில் எடுத்த படம்தான் தளத்தில் ஏறும் என்பது அவள் வைத்த விதி. அதை அவளே மீற முடியாது. அம்மாவின் முகம் இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்தது, சாம்பல் பூத்து, யார் முகமாகவும் இருக்கக்கூடிய ஒரு முகம். அதைத்தான் கொண்டுபோனாள்.

"இத்தனை வருஷங் கழிச்சா?" என்றார் குருசாமி. "ஊரு சிரிக்கும்த்தா."

"சிரிக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவளே பசை தடவி ஒட்டினாள். ஊர் சிரிக்கவில்லை, தாமதமாக வந்த பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனது. குறிப்பை ஒரு வாரம் எழுதினாள். பிறந்த ஊர், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த வருஷங்கள், வேலைக்கு நடுவே முணுமுணுத்த பாட்டுகள், எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்து, ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதி ஏற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வராந்தாவில் யார் யாரோ வந்தார்கள். அம்மா வரவில்லை. வியாழனும் வரவில்லை. அடுத்த செவ்வாயும்.

"நீ லூசாடி?" என்றாள் ஷகிலா. மினி பஸ்களின் வாசகங்களைச் சேர்த்து, எழுதி, கட்டி, கொடுத்தே விட்ட நிம்மதியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "ஒரு பிழை இல்லாம எழுதி வச்சிருக்கே. எதைத் திருத்த வருவாங்க உங்கம்மா?"

மாரீஸ்வரி அவளையே பார்த்தாள். பிறகு கணினிக்குப் போனாள்.

பொய் எழுதுவது அவளுக்கு எளிதாக இல்லை. அதுவும் தேர்ந்து எழுத வேண்டியிருந்தது. செத்தவர்கள் திருத்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள் என்பதால், எதைத் தப்பாக எழுதுகிறாளோ அதைப் பற்றித்தான் அம்மா பேசுவாள். பிறந்த ஊரை மாற்றிப் பக்கத்து ஊர் என்று எழுதினாள், அந்த ஊரைப் பற்றி அம்மா வாயால் நாலு சொல் கேட்கலாம் என்று. வரவில்லை. பாட்டென்றால் பிடிக்காது என்று எழுதினாள். வரவில்லை. கடைசியில், மகிழ்ச்சியாக வாழ்ந்தார் என்று எழுதினாள். இதற்காவது வந்து, இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயதைக் குறைக்க வந்த கிழவர்கள்தான் நின்றார்கள்.

அம்மா அப்படித்தான். ரேஷனில் எடை குறைந்தால் போகட்டும் என்பாள். காது கம்மலை ஒரு கல்யாணத்துக்கென்று வாங்கிப்போன அத்தை திருப்பித் தராதபோதும் போகட்டும் என்றாள். குழம்பில் உப்பில்லை என்று அப்பா தட்டைத் தள்ளியபோது, உப்பு இருந்தது, மாரீஸ்வரியும் அதைத்தானே தின்றாள், அப்போதும் போகட்டும் என்று எழுந்து போய் உப்பு எடுத்துவந்தாள். இருந்தபோது எதையும் தப்பென்று சொல்லாதவள் செத்த பிறகா சொல்லப்போகிறாள்? மாரீஸ்வரிக்கு அம்மா மேல் கோபம் வந்தது. ஊரில் ஒவ்வொருவரும் ஒரு கோட்டுக்காக, ஒரு மாப்பிள்ளையின் பெயருக்காக மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறார்கள், உனக்கு மட்டும் எல்லாமே போகட்டுமா என்று சாம்பல் பூத்த அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டாள். வரிசையில் நின்றவர்களிடம் எரிந்து விழுந்தாள். டையின் நிறத்தை மாற்றச் சொன்ன ஒருவரிடம், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாள். "இல்லையே தாயி," என்றார் அவர்.

சித்திரை பாதி போயிற்று. ஆய்வேட்டில் முன்னுரையும் இரண்டு இயலும் மட்டும் நின்றன. ஒரு புதன்கிழமை காலையில் எஸ்தர் மேடம் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "இந்த வருஷம் விட்டுரு மாரி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது இருவருக்குமே தெரியும். காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் தட்டச்சு வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளையும் இருந்தான். மாரீஸ்வரி சரி என்றாள். சொல்லும்போது அவள் குரல் சீனியம்மாளின் குரல்போலவே இருந்தது அவளுக்கே கேட்டது.

மதியம் கணினி அறைக்குப் போனாள். போவதற்கு முன் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட நினைத்தாள். அம்மாவின் குறிப்பில் தான் நட்டுவைத்த பொய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஊரைப் பழையபடி மாற்றினாள். பாட்டைத் திரும்ப வைத்தாள். மகிழ்ச்சியை எடுத்தாள். எல்லாம் உண்மையான பிறகு, வருந்துகிறவர்கள் என்ற இடத்தில் தன் பெயருக்கு எதிரே, இதுவும் உண்மைதானே என்று, வஞ்சனையோ தந்திரமோ எதுவும் இல்லாமல், சேர்த்து எழுதினாள்: மகள் மாரீஸ்வரி, முதுகலைப் படிப்பைப் பாதியில் விட்டவர். சேமித்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

அய்யனார் மூச்சு வாங்க மாடிப்படியில் வந்து நின்றார்.

"பாப்பா, ஒரு பொம்பளையாள் வந்திருக்கு. இன்னைக்குப் புதன், நாளைக்குத்தான் திருத்த நாளுன்னு சொல்லுதேன், காதுலயே வாங்க மாட்டேங்கு. டோக்கனை நீட்டுனா கையத் தட்டிவிடுது. பேரைக் கேட்டா உன் பேரைச் சொல்லுது."

அவருக்குப் பின்னால் சீனியம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

வாக்காளர் அட்டையில் எப்படியோ அப்படி வந்தாள். முகம் சாம்பல், சேலை சாம்பல், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மங்கல். மாரீஸ்வரி அந்த முகத்துக்குள் அம்மாவைத் தேடித் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. குரல் மட்டும் அச்சு அசல்.

"இது தப்பு."

"எதும்மா?"

"கடைசி வரி."

"அது நெசந்தான்மா. அத்தனை பொய் எழுதினேன், வரலையே நீ. பொறந்த ஊரை மாத்துனேன். பாட்டுப் பிடிக்காதுன்னு எழுதினேன். சந்தோசமா வாழ்ந்தான்னுகூட எழுதினேன். ஒண்ணே ஒண்ணு நெசமா எழுதினா, அதுக்கு வந்து தப்புங்கியே?"

"மாத்து."

"எப்பிடி இருக்கம்மா?"

"கடைசி வரியை மாத்து."

மாரீஸ்வரி பையைக் கீழே வைத்து, அந்த வரியை அழித்தாள். சீனியம்மாள் அசையவில்லை. படிப்பவர் என்று மாற்றிப் பார்த்தாள். அசையவில்லை. சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்ற எஸ்தர் மேடம், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்தை மாத்தினாப் போதாது போல" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல நகர்ந்துவிட்டார்.

அப்போது மாரீஸ்வரிக்குப் புரிந்தது. வரி திருந்த வேண்டுமென்றால் ஆய்வு முடிய வேண்டும். ஆய்வு முடிந்தால் தளத்தைப் பூட்டுவார்கள். பூட்டினால் இவள் போய்விடுவாள்.

"முடிச்சா நீ போயிருவம்மா."

"மாத்து," என்றாள் சீனியம்மாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, செத்தவர்கள் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் வியாழன். டோக்கனோடு வராந்தாவில் நின்றவர்களைச் சீனியம்மாள் எழுந்து போய்ப் பார்த்தாள். "பிள்ளை எழுதுது. என் வரி ஒண்ணு தப்பா நிக்கி. அது முடியிறவரைக்கும் எதுவும் கிடையாது, போங்க," என்றாள். ஒன்றியச் செயலாளர் ஆக ஆசைப்பட்டவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போங்கன்னு சொன்னேன்." அவர் போனார். எல்லாரும் போனார்கள், டீக் கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு. வாழ்நாளில் ஒருவரையும் எதிர்த்துச் சொல்லாத பொம்பளை ஊர்ச் சாவையெல்லாம் விரட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அய்யனார் பஜாரில் போய்ச் சொன்னார். ஊர் அதையும் பழக்கிக்கொண்டது. குருசாமி ஒருநாள் வாசல்வரை வந்து, அய்யனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாடிக்கு வராமலே திரும்பினார். மறுநாள் காலண்டர் கம்பெனிக்காரர் கேட்டதற்கு, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு என்று சொல்லிவிட்டார்.

தரவு நிலைத்தது. இயல்கள் நகர்ந்தன. அம்மாவிடமிருந்து வேறு ஒரு பேச்சும் வரவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் மாத்து என்பதே பதிலாக இருந்தது, அது சில நேரம் அதட்டலாகவும் சில நேரம் கெஞ்சலாகவும் சில நேரம் தூக்கத்தில் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தமாகவும் கேட்டது. ஒருநாள் மாரீஸ்வரி வேண்டுமென்றே, முடிந்த பக்கத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினாள். சீனியம்மாள் திரைக்குக் குனிந்து, எழுத்துக் கூட்டிப் பார்த்து, "இது நேத்தே எழுதுனது" என்றாள். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறத்தின் சூட்டை மட்டும் முழங்கையில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

கடைசி நாள் வந்தது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருந்தது. ஆய்வேடு கட்டி எஸ்தர் மேடத்தின் கையெழுத்தோடு மேசையில் இருந்தது. அலுவலகம் மூடுவதற்குள் தளத்தில் சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் குறிப்பைத் திறந்து, கடைசி வரியை எழுதினாள்: மகள் மாரீஸ்வரி, முதுகலைப் படிப்பை முடித்தவர். வாய்விட்டுப் படித்தும் காட்டினாள்.

"சரியாம்மா?"

"சரி."

இவ்வளவு நாள் பக்கத்தில் வைத்திருந்தும் ஒன்றும் கேட்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"இரு," என்றாள் சீனியம்மாள். "மேல ஒரு தப்பு இருக்கு."

மாரீஸ்வரியின் கை நின்றது.

"பொறந்த ஊருன்னு எழுதியிருக்கேல்ல. ஊரு சரி. ஆனா நான் பொறந்தது ஊருக்குள்ள இல்ல. எங்காத்தா பருத்தி எடுக்கப் போன எடத்துல, காட்டுல. வன்னிமரத்துக்கு மேக்க. அதைப் போடு."

போட்டாள்.

"பாட்டுல ஒரு தப்பு. சினிமாப் பாட்டுன்னு எழுதியிருக்க. ஒண்ணுதான் சினிமாப் பாட்டு. மத்ததெல்லாம் நானாக் கட்டுனது. தீப்பெட்டி ஆபீஸுல சூப்பர்வைசரைப் பத்தி."

"என்ன பாட்டும்மா?"

"திருத்தணும்னா சொல்லித்தான ஆகணும்," என்று சீனியம்மாள் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டு, சூப்பர்வைசரின் மூக்கைப் பற்றி நாலு வரி பாடினாள். மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே தட்டினாள், எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"அப்புறம், சந்தோசமா வாழ்ந்தான்னு ஒண்ணு எழுதியிருந்தியே. அதை ஏன் எடுத்த?"

"அது பொய்தானம்மா."

"முழுசாப் பொய்யின்னு யாரு சொன்னா? சில நாளுன்னு சேத்துப் போடு. எந்த நாளுன்னு சொல்லுதேன், அதையும் எழுது."

கீழே அய்யனார் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார். சாவிக்கொத்தின் சத்தம் மாடிப்படி ஏறி, கணினி அறை வாசலில் வந்து நின்று, கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, பூட்ட வேண்டிய அறையை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனது. உள்ளே, அலுவலக மணி அடிக்கப்போகும் கடைசி நிமிஷத்தில் மாரீஸ்வரி பொத்தானை அழுத்தும்வரை, சீனியம்மாள் தன் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டே இருந்தாள்.